தாத்தாவின் பம்ப் துப்பாக்கியைப் பொக்கிஷமாக்குவது எப்படி?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிக்கு இந்தக் கணக்கு செல்லாது. இருக்கும்வரை அடிமாட்டு விலை. செத்த பிறகுதான் பொன்.

1816இல் தொடங்கிய ரெமிங்டன் கம்பெனி 2018இல் ஒருமுறை, 2020இல் மறுமுறை என்று திவாலாகி, பங்கு பிரித்து விற்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் இலியான் என்ற சின்ன ஊரில் தலைமுறை தலைமுறையாக ஓடிய அதன் தொழிற்சாலையை 2024 மார்ச்சில் பூட்டினார்கள். பென்சில்வேனியாவிலும் வெர்மான்ட்டிலும் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடந்த பம்ப் ரைஃபிள்களுக்கு மவுசு வந்தது இப்படித்தான். அந்த மவுசில் நீங்களும் நாலு காசு பார்க்க வேண்டுமானால், கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும்.

படி 1: சரக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

முன்பிடியைப் பின்னே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரிந்தவருக்கு இதில் கற்க ஒன்றுமில்லை. இந்த இனத்தின் ராஜா ரெமிங்டன் 760 கேம்மாஸ்டர். 1952 முதல் 1981 வரை பத்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். பென்சில்வேனியாவில் அரைத் தானியங்கி ரைஃபிளால் மான் சுடக்கூடாது. சட்டத்தையும் மீறாமல் இரண்டாவது குண்டையும் சட்டென்று போட வேண்டியவர்கள் பம்ப் பக்கம் சாய்ந்தார்கள். குதிரை வண்டியை விட்டு இறங்காத ஆமிஷ் மக்கள் அங்கே நிறைய. அவர்கள் பேரைச் சேர்த்து ‘ஆமிஷ் மெஷின்கன்’ என்று இதற்குப் பட்டப்பெயரும் உண்டு.

பத்து லட்சம் செய்த பொருள் எப்படி அபூர்வப் பொருளாகும் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டவர் யாரும் இந்தத் தொழிலில் உருப்பட்டதில்லை.

படி 2: ஜாதகம் பாருங்கள்

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழலின் இடது பக்கம், அடிப்பகுதியைப் பாருங்கள். பொடி எழுத்தில் ஏதோ பொறித்திருக்கும். அதில் முதல் எழுத்து பிறந்த மாதம். கருமருந்துக்கு ஆங்கிலத்தில் ‘பிளாக்பவுடர்’. அந்தச் சொல்லின் 11 எழுத்துகளோடு கடைசியில் ஓர் எக்ஸ் சேர்த்தால் 12. முதல் எழுத்து ஜனவரி, எக்ஸ் டிசம்பர். அடுத்து வரும் எழுத்து வருஷம். ஆக, மாதமும் வருஷமும் கிடைத்துவிட்டன. நட்சத்திரம் மட்டும்தான் பாக்கி. ஒரு சங்கதி: ஜாதகம் குழலுக்கு உரியது. நடுவில் யாராவது குழலை மாற்றியிருந்தால் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது பக்கத்து வீட்டுப் பையனின் ஜாதகம்.

துப்பாக்கி அசல் நிலையில் இருந்து 50 வயதும் தாண்டிவிட்டால் அமெரிக்க மத்திய அரசின் கணக்கில் அது அரும்பொருள். அதைச் சேகரிப்பதற்கென்றே மூன்று வருஷத்துக்கு 30 டாலர் கட்டணத்தில் ஒரு லைசென்ஸ் இருக்கிறது. மனிதருக்கு 50 வயதில் இந்த மரியாதை எங்கேயும் கிடைப்பதில்லை.

படி 3: விலைபோகாததாகப் பார்த்து வாங்குங்கள்

நல்ல தோட்டா என்று வேடர்கள் அள்ளிக்கொண்டு போனது .30-06. அது ஊரெல்லாம் கிடக்கிறது, தள்ளுங்கள். .257 ராபர்ட்ஸ், .223 போன்ற அளவுகளில் வந்தவற்றை அன்றைக்குச் சீந்த ஆளில்லை. ஆளில்லாததால் குறைவாகச் செய்தார்கள். குறைவாகச் செய்ததால் இன்றைக்கு அடிதடி. அன்று கடைக்காரருக்குத் தலைவலியாக இருந்தது எதுவோ, அதுவே இன்று மாணிக்கம்.

இன்னும் பழைய பரம்பரை வேண்டுமானால் ஜான் பெடர்சன் வடிவமைத்த மாடல் 14 இருக்கிறது, 1912இல் வந்தது. குழலுக்குக் கீழே ஒரு குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைத் தோட்டா என்றால், பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் வெடிமூடியில் இடித்து உள்ளேயே வெடிக்கலாம். பெடர்சன் அந்தக் குழாயைச் சுருளாக முறுக்கிவிட்டார். தோட்டாக்கள் கொஞ்சம் சாய்ந்து படுத்தன. மூக்கும் மூடியும் சந்திக்கவே இல்லை. இந்த அழகுக்காகவே ஒன்று வாங்கலாம். ஆனால் அப்படி ரசித்து வாங்குவது முதலீட்டுக்குக் கேடு.

படி 4: கை வைக்காதீர்கள்

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை சும்மா இருக்காது. கட்டிப்போடுங்கள். தேய்ந்த நீலப்பூச்சுக்கு மேல் புதுப்பூச்சு அடித்தால் விலை விழும். கட்டைக்குப் பளபள வார்னிஷ் அடித்தால் இன்னும் விழும். தோள் வலிக்கிறதென்று கட்டையின் அடியை அறுத்து ரப்பர் பொருத்திய தாத்தாவும், டெலஸ்கோப் மாட்டக் கூடுதலாக ஓட்டை போட்ட பெரியப்பாவும் தங்களுக்குத் தெரியாமலே சந்ததியின் சொத்தைக் கரைத்தவர்கள்.

படி 5: ஒரு மகானைப் பிடியுங்கள்

வெர்மான்ட்டில் லாரி பெனாய்ட் என்றொருவர் இருந்தார். பனியில் பதிந்த குளம்படியைப் பிடித்துக்கொண்டு, 760ஐக் கையில் ஏந்தி, கலைமான் கண்ணில் படும்வரை மலைமலையாக நடப்பார். 1970களில் அவர் பேரில் புத்தகம் வந்தது. பிள்ளைகளும் அதே வழியில் போனார்கள். அந்தக் குடும்பத்துப் புகழில் துப்பாக்கிக்கும் பங்கு கிடைத்தது. குறிப்பாக, 22 அங்குலக் குழலுக்குப் பதில் 18½ அங்குலத்தில் வந்த குட்டை கார்பைனுக்குக் கிராக்கி. அதிலும் ஜாக்கிரதை: ரம்பம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

பெனாய்ட் மாதிரி நாள் முழுக்கப் பனியில் நடக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். துப்பாக்கி மட்டும் போதும்.

படி 6: கதைக்குக் காது கொடுங்கள், காசு கொடுக்காதீர்கள்

துப்பாக்கிச் சந்தையில் மேஜைக்கு மேஜை ஒரு தாத்தா கதை இருக்கும். ‘துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே’ என்பது சேகரிப்பாளர்களின் வேதவாக்கு. விற்கும்போது மட்டும் இதை மறந்துவிட்டு, தாத்தாவிலிருந்து ஆரம்பிக்கவும்.

படி 7: பூட்டுங்கள்

இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை மழையிலும் பனியிலும் தூக்கிக்கொண்டு போக மனசு வராது, வரவும் கூடாது. எண்ணெய் போட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். நல்ல நாள் பார்த்து விளம்பரம் கொடுங்கள்: ‘அசல் அட்டைப்பெட்டியோடு. ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை.’

விலையே அந்தக் கடைசி வரிக்குத்தான். இதே வரியைச் சொல்லி யாராவது தாத்தாவிடம் விற்க வந்திருந்தால், “அப்போ ராசியில்லாத துப்பாக்கியா?” என்று பத்து டாலர் குறைத்துக் கேட்டிருப்பார்.