பொட்டிக்குப் பேய் பிடிக்கலடா பேராண்டி

டேய் பேராண்டி, இப்படி வந்து திண்ணையில குந்து.

உன் கம்ப்யூட்டர் பொட்டி மறுபடியும் தானா அணைஞ்சு தானா எழுந்துக்குச்சாமே? இந்தக் கூரத்துல கூரத்தாழ்வான் வீட்டுக் கதவைச் சாத்தினா, அந்தச் சத்தம் காஞ்சிபுரத்துல பெருந்தேவித் தாயாருக்குக் கேட்டுதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நேத்து ராத்திரி விளையாட்டு பாதியில புட்டுக்கிச்சுன்னு நீ கத்தின கத்துல, தாயார் இன்னொரு தரம் திரும்பிப் பாத்திருப்பா.

நான் படிக்காத ஆளு. பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டிப் பொழைச்சவன். கம்ப்யூட்டரைப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? கரண்ட்ல ஓடற எதுவும் காரணம் இல்லாம நிக்காதுன்னு மட்டும் தெரியும். உனக்குக் காரணம் வேணாம், பரிகாரம்தான் வேணும். பொட்டிமேல எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினே. சரி, திருஷ்டி போகட்டும். விண்டோஸை அழிச்சுப் புதுசாப் போட்டே. நல்லது, பொழுது போச்சு. அப்புறம் ஊதா லைட்டைக் கழட்டிட்டுச் செவப்பு லைட்டு மாட்டினே பாரு, அங்கதான்டா நீ எஞ்சினியரு!

மொதல்ல அது எப்படி அணையுதுன்னு பாரு. நீலத் திரை வந்துட்டு அணையுதா, பட்டுனு இருட்டாயிடுதா? நீ நீலத் திரையைப் படிக்கறதுக்குள்ள விண்டோஸே ரீஸ்டார்ட் ஆயிடும். 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி'ன்ற எடத்துல 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்'டுக்குப் போட்டிருக்கற டிக்கை எடுத்துடு. திரை நிக்கும், நீயும் நின்னு படி. முழிக்காதே, நீ பாதியில தள்ளிவிடற இங்கிலீசு வீடியோவை எல்லாம் உங்கக்கா முழுசாப் பாத்துட்டு எனக்குத் தமிழ்ல சொல்லுவா.

'ஈவன்ட் வியூவர்'ல 'கெர்னல் பவர் 41'னு ஒரு வரியைப் பாத்துட்டு, "தாத்தா, கண்டுபிடிச்சிட்டேன்"னு குதிச்சியே. அந்த வரிக்கு அர்த்தம், பொட்டி ஒழுங்கா மூடாம நின்னுபோச்சுன்றது மட்டுந்தான். அது எதிர்வீட்டு ஆயாவுக்கே தெரியும். ஏன் நின்னுச்சுன்னு அது சொல்லாது.

உன் பொட்டி பாட்டு கேட்டா நிக்கறதில்ல, படம் பாத்தா நிக்கறதில்ல. விளையாட்டுல குண்டு வெடிச்சாத்தான் நிக்குது. அப்போ சந்தேகம் எங்க போவணும்? கரண்டு வர்ற வழியில. உங்கப்பன் தறியில குந்தி நெய்ஞ்ச கூலியில கிராபிக்ஸ் கார்டு வாங்கினே. அதுமட்டுமே 320 வாட்டு இழுக்குமாம். அதுக்குச் சோறு போடற எஸ்.எம்.பி.எஸ் மட்டும் கேபினெட்டோட இனாமா வந்தது. கேட்டா, "650 வாட்டுன்னு ஸ்டிக்கர் இருக்குது தாத்தா"ன்ற. ஸ்டிக்கர் ஒட்டறதுக்குக் கோந்து போதும்டா.

320ன்றது சராசரிக் கணக்கு. திடீர்னு வேலை ஏறினா, கண்ணிமைக்கறதுக்கு முன்னாடி கார்டு அதைப்போல ரெண்டு மடங்கு வரைக்கும் இழுத்துடும். எளைச்ச எஸ்.எம்.பி.எஸ் அதைத் தாங்க முடியாம, உள்ள இருக்கற பாதுகாப்பைத் தட்டிவிட்டுக் கையை விரிச்சிடும். இதுக்காகவே 2022ல வந்த ஏ.டி.எக்ஸ் 3.0 விதியில, பெரிய சப்ளைன்னா தன் அளவைப்போல ரெண்டு மடங்கு இழுவையை 100 மைக்ரோசெகண்டு தாங்கணும்னு எழுதி வெச்சிருக்கான்.

நம்மூர்ச் செப்பேட்டைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கியா? ஏழாம் நூத்தாண்டுல பரமேசுவரவர்ம பல்லவன் குடுத்தது. இங்க சிவன் கோயிலுக்கு மானியம் விட்டதும், பரமேசுவர தடாகம்னு ஏரி இருந்ததும் அதுல இருக்குது. அந்த ஏரிக்குப் பாலாத்துலேருந்து தண்ணி கொண்டார, பெரும்பிடுகுன்னு ஒரு கால்வாயும் வெட்டினாங்க. மானியத்தை 25 பங்காப் பிரிச்சப்போ, பூசைக்கும் கோயில் பழுது பாக்கறதுக்கும் சேர்த்து 3 பங்கு தனியா ஒதுக்கினான். ஏரி வெட்டினவன் தண்ணிக்கு வழி பண்ணினான். நீ ஏரியை மட்டும் வெட்டிட்டு, கரையில கலர் லைட்டு கட்டிக்கினு குந்தியிருக்கே.

காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்றேன். கார்டு இழுக்கற வாட்டைக் குறைக்க 'பவர் லிமிட்'னு ஒண்ணு இருக்குதாம். அதை 70 சதவீதத்துல வெச்சு விளையாடு. அப்போ நிக்காம ஓடுச்சுன்னா, பழி பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ் மேலதான். கூடவே, கார்டுக்கு ஒரே ஒயர்ல ரெண்டு கொண்டை போட்டு மாட்டியிருக்கியே, அதைக் கழட்டிட்டுத் தனித்தனியா ரெண்டு ஒயர் குடு. மதர்போர்டோட 24 பின் கொண்டை 'டிக்'குனு உக்காந்திருக்குதான்னும் அமுக்கிப் பாரு. ஆனா எஸ்.எம்.பி.எஸ் பொட்டியை மட்டும் பிரிக்காதே. பிளக்கைப் பிடுங்கின பின்னாடியும் கெப்பாசிட்டர்ல கரண்டு நிக்கும். அது உன் வயசைப் பாக்காது.

அடுத்தது உன் யூ.பி.எஸ். 600ன்னு போட்டிருக்குன்னு காமிச்சே. அது வி.ஏ.டா, வாட் இல்ல. அந்த அளவு யூ.பி.எஸ் 360 வாட்டு வாக்குலதான் தாங்கும். உன் பொட்டியோ 500ஐ இழுக்குது. பம்புசெட்டெல்லாம் ஓடற நேரத்துல வோல்டேஜ் எறங்கினதும் யூ.பி.எஸ் பேட்டரிக்குத் தாவும், லோடைப் பாத்ததும் குப்புற விழும். அதை ஓரங்கட்டிட்டு, பொட்டியை நேரா சுவத்துப் பிளக்குல போட்டு ஓட்டிப் பாரு. அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல உங்கம்மா இஸ்திரிப் பொட்டியும் சொருகியிருக்காளே, அதையும் வேற எடத்துக்கு மாத்து.

கேபினெட்டைத் தொட்டா சுர்ருன்னுது, பவர் ஏறிடுச்சுன்னு சிரிக்கறியே. அது எர்த்து இல்லாததோட வேலை. எர்த்து இல்லன்னா எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள்ள இருக்கற வடிகட்டி வழியா, தகரத்துல பாதி வோல்டேஜ் வந்து நிக்கும். மூணு பின்னுல பெரிய பின்னை வெட்டி எறிஞ்ச மகராசன் யாருன்னு நான் கேக்கல. ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த்துக் குழியைப் பாக்கச் சொல்லு. கரியும் உப்பும் போட்ட குழிக்குக் கோடையில தண்ணி ஊத்தணும். துளசிமாடத்துக்கு ஊத்தறப்போ அங்கயும் ஒரு குடம் ஊத்தினா குறைஞ்சு போயிடமாட்டே.

இதெல்லாம் சரியா இருந்தும் நின்னுச்சுன்னா மத்ததைப் பாரு. சூடு ஏறுதான்னு அளந்து பாரு. பிராசசர் 100 டிகிரிகிட்ட போனா மொதல்ல வேகத்தைக் குறைச்சுக்கும், அப்புறமும் அடங்கலன்னா அணைஞ்சிடும். கூலரோட அடியில ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிச்சுட்டுத்தானே மாட்டினே? ஏன்டா தரையைப் பாக்கற? ரேம்ல எக்ஸ்.எம்.பி போட்டு வேகம் ஏத்தியிருந்தா அதை எடுத்துட்டு, மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி முழுக்க ஓடவிடு. அதுல ஒரு தப்பு வந்தாலும் தப்புதான்.

இன்டெலோட 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் சிலது அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டுக் கெட்டுப்போகுதுன்னு 2024ல அந்தக் கம்பெனியே ஒத்துக்கிச்சு. வாரண்டியையும் ரெண்டு வருசம் கூட்டிக் குடுத்தான். உன்கிட்ட இருக்கறது அது இல்ல. உன் சிநேகிதன் வெச்சிருந்தான்னா, பயாஸைப் புதுப்பிக்கச் சொல்லு.

எதைச் செஞ்சாலும் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. நாலையும் ஒண்ணா மாத்திட்டு ஓடிடுச்சுன்னா, எதனால ஓடிச்சுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

புது எஸ்.எம்.பி.எஸ் வாங்க ரிச்சி தெருவுக்குப் போறேன்னியே, போ. 750 வாட்டுக்குக் குறையாம, பேர் தெரிஞ்ச கம்பெனியில, வாரண்டிச் சீட்டோட வாங்கு. 80 பிளஸ் முத்திரையை மட்டும் பாத்து ஏமாறாதே, அது கரண்டு எவ்வளவு வீணாவாம இருக்குதுன்னு சொல்ற முத்திரை, எவ்வளவு உறுதின்னு சொல்றது இல்ல. காசு பத்தலன்னா கார்டை வித்து அதைவிடச் சின்னதா வாங்கிக்க, சப்ளையில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. கடைக்காரன் கலர் லைட்டு எரியற எஸ்.எம்.பி.எஸ்ஸை எடுத்துக் காமிச்சான்னா, கையெடுத்துக் கும்பிட்டுட்டு அடுத்த கடைக்கு நட.