ஏஐயைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கவும்

பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் என்பது கெஸ்ட் ரோல். முதலாம் ஆண்டு முடிந்ததும் கதையிலிருந்து காணாமல் போய்விடும். பிளேஸ்மென்ட் பயம் தொற்றும் சமயம் பார்த்து, கம்யூனிகேஷன் லேப் என்ற பெயரில் மறுபடி தலைகாட்டும். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அந்த லேபைக் கட்டி மேய்க்கிறவள் நான்.

லேப் என்று பெயர் வைத்துவிட்டால் ரெக்கார்டு நோட்டும் கூடவே வந்துவிடும். அமில காரச் சோதனைக்கு எழுதுவதைப் போலவே மேடைப் பேச்சுக்கும் எய்ம், புரொசீஜர், ரிசல்ட் எல்லாம் எழுதியாக வேண்டும். ‘தஸ் தி ஸ்பீச் வாஸ் டெலிவர்ட் சக்சஸ்ஃபுல்லி’ என்ற ரிசல்ட்டைப் பேச்சுக்கு முதல் நாளே எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பேச்சாளர் மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டிருப்பார்.

பிரசன்டேஷனுக்கு ஐந்து பேர் ஒரு டீம். ஒருவன் பிபிடி செய்வான். ஒருவன் ரிப்போர்ட்டை ஸ்பைரல் பைண்டிங் போடுவான். ஒருவன் பென் டிரைவுக்குப் பொறுப்பு. பேசுவதற்கு ஒரு பெண் இருப்பாள். “நீ பேசுடி, உனக்குத்தான் ஃப்ளோ வரும்” என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அபலை. ஐந்தாமவன் லேப்டாப் பக்கத்தில் நின்று அடுத்த ஸ்லைடுக்குப் பட்டனைத் தட்டுவான். ஒத்திகையின்போது இவன் முகத்தில் இருக்கும் தீவிரம் மற்ற நால்வரிடமும் சேர்த்தால்கூட வராது. எல்லாரும் பேசினால்தான் இன்டர்னல் மார்க் என்று நான் கறாராகச் சொன்னதும் அவனுக்கென்று ஒரு வரியை ஒதுக்கினார்கள்: “எனி கொஸ்டின்ஸ்?” அதை அவன் கேட்ட தோரணையில், கேள்வி வைத்திருந்தவர்களும் மடியில் ஒளித்துக்கொண்டார்கள்.

ஸ்லைடுகளில் முதலில் பிறப்பது கடைசி ஸ்லைடுதான். ‘தேங்க் யூ’ என்று பொன்னெழுத்து, பின்னால் ரோஜா, ரோஜாவின் மேல் பனித்துளி. அடுத்து, கல்லூரி லோகோ வைத்த முதல் ஸ்லைடு. நடுவில் இருக்க வேண்டிய விஷயம், லேப் அன்று காலை காலேஜ் பஸ்ஸில் வரும்போது போனிலேயே தயாராகும்.

பவர்பாயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை. 1987இல் ஃபோர்தாட் என்ற சிறிய கம்பெனி அதை ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளியிட்டது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கிக்கொண்டது. முதல் பதிப்பில் வெறும் கருப்பு வெள்ளைதான். எழுத்து பறக்காது, உருளாது. ஒழுங்காகப் பக்கம் அச்சடிப்பதோடு அதன் கடமை முடிந்தது. பிற்காலத்தில் எழுத்துக்குக் கால் முளைக்க வைத்த புண்ணியவான் என் லேபில் ஒரே ஒரு மதியம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ‘குளோபல் வார்மிங்’ என்ற தலைப்பு ஒவ்வோர் எழுத்தாகக் குதித்து வரும். பேசுகிற பெண் “தெர்ஃபோர்” என்று சொல்லிவிட்டு, கடைசி எழுத்து வந்து சேரும்வரை கைகட்டிக் காத்திருப்பாள். அதற்குள் பூமி இன்னும் கொஞ்சம் சூடாகியிருக்கும்.

கை கவாசாகி என்ற அமெரிக்கர் இதற்கெல்லாம் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார்: பத்து ஸ்லைடு, இருபது நிமிஷம், எழுத்தளவு முப்பதுக்குக் குறையக் கூடாது. எங்கள் பிள்ளைகள் எண்களை மறக்கவில்லை. வரிசை மட்டும் கொஞ்சம் மாறிவிட்டது: முப்பது ஸ்லைடு, இருபது நிமிஷம், எழுத்தளவு பத்து. அமேசானில் 2004இலேயே மேலதிகாரிகள் கூட்டத்தில் பவர்பாயின்டுக்குத் தடை போட்டார்கள், அதற்குப் பதில் விஷயத்தை எழுதிக் கொடுக்க, எல்லாரும் முதலில் சத்தமில்லாமல் உட்கார்ந்து படிப்பார்கள் என்றும் சொல்லி வைத்தேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “மேம், நாமளும் அமேசான் மாதிரியே பண்ணிருவோம் மேம். சத்தமே இருக்காது.”

இப்போது உரையையும் ஏஐ எழுதித் தந்துவிடுகிறது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் நடந்து நடந்து அதை நெட்டுருப் போடுகிறார்கள். மனப்பாடம் என்று வந்துவிட்டால் நம் பிள்ளைகளை யாரும் அசைக்க முடியாது. பன்னிரண்டு வருஷப் பயிற்சி. ஒரு பையன் தங்குதடையில்லாமல் பேசிக்கொண்டே வந்தான். கமாவுக்கு ஒரு மூச்சு, புள்ளிக்கு இரண்டு மூச்சு. பாதியில், அதே ஏற்ற இறக்கத்தோடு, “பாஸ் ஹியர் அண்ட் ஸ்மைல் அட் தி ஆடியன்ஸ்” என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டான். நிறுத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவனுக்கும் சேர்த்து நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

பிரசன்டேஷனாவது பரவாயில்லை. டிபேட் என்றால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வாதம் நமக்குப் புதிதா? மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறி வாதிடச் சொல்கிறான். சொன்ன கையோடு, பகைவரோடு கூடக் கோபமும் சண்டையும் வேண்டாம், ஒதுங்கிப் போங்கள் என்கிறான். ஊரின் லட்சணம் தெரிந்தவன். பொங்கலானாலும் தீபாவளியானாலும் டிவியில் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஹாஸ்டல் மெஸ்ஸில் இட்லிக்குச் சாம்பாரா சட்னியா என்று நள்ளிரவு வரை வாதிடக்கூடியவர்கள், ஆங்கிலத்தில் எதிர்த்துப் பேசு என்றால் கல்யாண வீட்டுச் சம்பந்திகளாகிவிடுகிறார்கள். “ஐ ஹைலி ரெஸ்பெக்ட் மை அப்போனன்ட்ஸ் பாயின்ட்” என்று குனிந்து குனிந்து விட்டுக்கொடுக்கிறார்கள்.

இவர்களைத் திருத்துவதற்காகப் பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறையை இறக்கினேன். பக்கத்துக்கு இரண்டு அணி, அணிக்கு இரண்டு பேர், ஆக எட்டுப் பேர். ஆளுக்கு ஏழு நிமிஷம். முதல் நிமிஷமும் கடைசி நிமிஷமும் போக, நடுவில் எதிரணிக்காரர் எழுந்து ‘பாயின்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ கேட்கலாம். எழும்போது ஒரு கையைத் தலைமேல் வைத்துக்கொள்வது அங்கே பழைய வழக்கம். அந்தக் காலத்துப் பார்லிமென்ட் உறுப்பினர்கள் எழும்போது விக் விழாமல் பிடித்துக்கொண்டதன் மிச்சம் என்பார்கள். இந்த ஒரு விதியை மட்டும் வகுப்பு முழு மனதோடு ஏற்றுக்கொண்டது. ஒரு நேரத்தில் நாலு பேர் தலையில் கைவைத்து நிற்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டதோ என்று தோன்றும்.

தலைப்பு: ஏஐ வரமா, சாபமா. இந்தக் கேள்வியை நான் மாணவியாக இருந்தபோது டிவியைப் பற்றிக் கேட்டார்கள். அப்புறம் செல்போன், அப்புறம் ஃபேஸ்புக். நோட்ஸ் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றிக்கொள்வார்கள்.

வரம் என்று பேசியவன் கயத்தாறுப் பையன். நெல்லில் நோய் வந்தால் இலையைப் போட்டோ எடுத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சாபம் என்று பேச எழுந்தவன் நாங்குநேரி. மறுப்பையும் முந்தின ராத்திரியே எழுதி வைத்திருந்தான். “மை அப்போனன்ட் செட், ரோபோஸ் ஹேவ் ஃபீலிங்ஸ். ஐ ஸ்ட்ராங்லி கண்டெம்!” என்று முழங்கினான். கயத்தாறு தன் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். அதில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் பெருந்தன்மையாக எழுந்து, “யெஸ், ஐ செட். சாரி” என்றான்.

அதோடு நாங்குநேரி விட்டிருக்கலாம். அடுத்த பத்தியில், ஏஐ கண்ணைக் கெடுக்கும், சாப்பிடும்போது அதன் முன்னால் உட்காரக் கூடாது, குறைந்தது பத்தடி தள்ளி உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்றான். எந்த வருஷத்து நோட்ஸ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கயத்தாறுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏலே, ஏஐய எங்க போயிலே பத்தடி தள்ளி உக்காந்து பாக்க?”

நாங்குநேரி தாளைப் பார்த்தான். பதில் இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்தான். “மொபைல்லதானலே பாக்க? மொபைலு கண்ணக் கெடுக்குமா, கெடுக்காதா?”

“பத்தடி தள்ளி வச்சா எப்படி டைப் பண்ணுவ?”

“வாய்லயே சொல்லுவேன். அதுதான் கேட்டு எழுதிக்கிடும்லா!”

“அப்பம் அது வரந்தானலே! எனக்குல்லா பேசிட்டு இருக்க!”

“இங்கிலீஷ், இங்கிலீஷ்!” என்று மேஜையைத் தட்டினேன். கயத்தாறு நிறுத்தாமல், “யூ ஆர் டாக்கிங் மை சைடு ஒன்லி!” என்றான். இலக்கணத்தை விடுங்கள், அந்த செமஸ்டரில் எந்தத் தாளிலும் இல்லாமல் என் லேபில் பிறந்த முதல் ஆங்கில வாக்கியம் அது. “நோ! ஐ ஆம் டாக்கிங் ஐ சைடு!” என்று நாங்குநேரி தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பட்டன் தட்டுகிற பையன் கூட ஒரு கட்சியில் சேர்ந்திருந்தான். நேரம் பார்க்க வேண்டியவள் ஸ்டாப் வாட்சை மறந்துவிட்டு, ஏஐ இல்லாமல் அவள் அம்மாவுக்கு ரயில் டிக்கெட் எடுக்க வராது என்று ஆங்கிலத்தில் நிரூபித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது எங்கள் யார் காதிலும் விழவில்லை.

அடுத்த பீரியடு மேத்ஸ். அந்தப் பேராசிரியர் எவ்வளவு நேரமாக வாசலில் நின்றாரோ, தன் வகுப்பில் பாதி கரைந்துபோன துக்கத்தில் தலையில் கை வைத்துவிட்டார்.

நாங்குநேரி பேச்சை நிறுத்தினான். டையைச் சரிசெய்துகொண்டு, அவரைப் பார்த்து லேசாகக் குனிந்தான்.

“ஐ வில் டேக் யுவர் பாயின்ட், சார்.”