ஊரான் பிள்ளைக்கு ஸ்பேனர்

எல்லாரும் டாக்டர், இன்ஜினியர் ஆகிவிட்டால் குழாய் ரிப்பேர் யார் பார்ப்பது என்று கவலைப்படுகிறவர்கள் நம் நாட்டில் பெருகிவிட்டார்கள். டிவி விவாதங்களில், தொழிலதிபர் சங்க ஆண்டு விழாக்களில், பட்டமளிப்பு மேடைகளில் இந்தக் கவலை தொண்டை அடைக்க வெளிப்படுகிறது. பட்ட மோகம் ஒழிய வேண்டும், பள்ளியிலேயே தொழில் கற்றுத்தர வேண்டும், உழைப்பே உயர்வு என்று முழங்கிவிட்டு, பொன்னாடையை டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறுகிறார் பேச்சாளர். ஏறியதும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டு, நீட் கோச்சிங்கில் மகளுக்கு இந்த வாரம் எத்தனை மார்க் என்று கேட்கிறார்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றார்கள் பெரியவர்கள். நம் கல்விச் சிந்தனையாளர்கள் அதைத் திருத்தி எழுதிவிட்டார்கள். ஊரான் பிள்ளை கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டால், தன் பிள்ளைக்குப் போட்டி தானே குறையும்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபின் ஏதாவது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் அறைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பையனைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வருகிறார். தலைமையாசிரியர் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்க்கிறார். ஐந்நூறுக்கு 221.

“பயோ மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் நெனச்சே பாக்காதம்மா. வொகேஷனல்ல போடறேன்.”

“அது என்னா படிப்பு சார்?”

“மெக்கானிக் மாதிரிம்மா. கைத்தொழில். எப்படியாவது பொழச்சுக்குவான்.”

“அவங்கப்பாவே கொத்தனாருதான் சார். கைத்தொழிலு கத்துக்கணும்னா அவரு கூடவே அனுப்பியிருப்பேனே. பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு அனுப்பறேன்?”

இந்தக் கேள்விக்கு எந்தக் கல்விக் கொள்கையிலும் பதில் இல்லை. தலைமையாசிரியரிடம் மட்டும் எப்படி இருக்கும்? “மார்க்கு இல்லையேம்மா” என்கிறார். பையனுக்கு இயந்திரம் பிடிக்குமா பிடிக்காதா என்று அந்த அறையில் யாரும் கேட்பதில்லை. அதே ஊரில் மிக்ஸி மோட்டாரைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒரு பெண் 470 வாங்கித் தொலைத்துவிட்டால், அவளை அந்த வகுப்பின் வாசல் பக்கமே விடமாட்டார்கள். “இவ்வளவு மார்க்கை வச்சிக்கிட்டு வொகேஷனலா? பைத்தியமா உனக்கு?” ஆக, தொழிற்கல்வி நம் நாட்டில் தகுதி அல்ல, தண்டனை. உழைப்பே உயர்வு என்பது 250 மார்க்குக்குக் கீழே வாங்கியவர்களுக்கு மட்டும் சொல்லப்படும் ஆறுதல்.

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் ஊரெங்கும் பேனர் வைக்கின்றனவே, அதில் ஒன்றிலாவது ‘எங்களிடம் வொகேஷனல் பிரிவு சிறந்த முறையில் நடத்தப்படுகிறது’ என்று படித்திருக்கிறீர்களா? உழைப்பின் மகத்துவம் கட்டணம் கட்டுகிறவர்களுக்குத் தேவைப்படாது போலிருக்கிறது.

சரி, தண்டனை என்றே வைத்துக்கொள்வோம். அதையாவது ஒழுங்காக நிறைவேற்றுகிறார்களா? பாடங்களின் பெயர்களைக் கேட்டால் உடல் சிலிர்க்கும். அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், அடிப்படை தானியங்கி ஊர்திப் பொறியியல், நெசவியலும் ஆடை வடிவமைப்பும், அலுவலக மேலாண்மையும் செயலியலும். பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. இனி பள்ளியின் பின்பக்கம் ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள். மூலையில் ஒரு லேத் நிற்கிறது. அதற்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும். பள்ளியில் இருப்பது ஒற்றை ஃபேஸ். பெல்ட் போய்விட்டது. சக்கு கீயைத் தலைமையாசிரியர் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறார். “பையன் கை போயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது?” நியாயமான பயம். கையே படாத இயந்திரத்தில் கை எப்படிப் போகும்?

படிப்பு அதனால் நின்றுவிடுமா? ரெக்கார்ட் நோட்டு எதற்கு இருக்கிறது? ஹெச்.பி. பென்சிலால் லேத்தை வரைய வேண்டும். ஹெட் ஸ்டாக், டெயில் ஸ்டாக், டூல் போஸ்ட் என்று ஸ்கேல் வைத்து அம்புக்குறி போட வேண்டும். ஷேடிங் நன்றாக இருந்தால் மார்க் கூடும். எக்ஸ்டர்னல் வரும் நாளில் மேசைமேல் சில இரும்புத் துண்டுகள் பளபளவென்று கடைந்து வைக்கப்பட்டிருக்கும். பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்காரர் புண்ணியம். இப்படி லேத்தை ஓட்டாமலே லேத்தில் தேர்ச்சி பெறும் வித்தை ஜெர்மன்காரனுக்கே தெரியாதது. ஆடை வடிவமைப்பு வகுப்பில் காலால் மிதிக்கும் தையல் மெஷின். திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை’ என்ற போர்டு. இரண்டுக்கும் நடுவில் நாற்பது ஆண்டு இடைவெளி. அதைத் தாண்டச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறோம்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொன்னால் பாவம் பிடிக்கும். சொந்தக் காசில் ஒயரும் பியூஸும் வாங்கி வந்து, பிள்ளைகள் கையாலேயே பள்ளி முழுக்க வயரிங் செய்யவைத்த ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் ரிட்டயர் ஆகும் வரை உண்டு. அதன் பிறகு அந்தப் பணியிடம் நிரப்பப்படாது. ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் சேர மாட்டார்கள். பிள்ளைகள் சேராததால் பிரிவை மூடலாம் என்று ஃபைல் நகரும். கொலைக்கு ஆளும் இல்லை, ஆயுதமும் இல்லை. சாவு மட்டும் இயற்கை மரணம் என்று பதிவாகிறது.

கீழ் வகுப்புகளின் கதை இதைவிட அழகு. ஆறு முதல் எட்டு வரை ஓவியம், உடற்கல்வியோடு தையல், கணினி போன்ற தொழிற்கல்வி சொல்லித்தர 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழக அரசு எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. அப்போது சம்பளம் மாதம் 5,000 ரூபாய். மே மாதம் அதுவும் கொடுக்கவில்லை. மே மாதத்தில் ஆசிரியர்களுக்குப் பசிக்காது என்பது நிதித்துறையின் கண்டுபிடிப்பு. பணிநிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் 181ஆவது வாக்குறுதியாக அச்சடித்தது தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் தொகுப்பூதியத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். ஒரு தொழில் கையில் இருந்தால் எப்படியும் பிழைக்கலாம் என்ற பாடத்தை, அந்தத் தொழிலைச் சொல்லித்தருகிறவரே சென்னையில் பள்ளிக்கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் வெயிலில் போராட உட்கார்ந்து செய்முறையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

டெல்லிக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி குழு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களில் பாதிப் பேர் 1986க்குள் தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்றது. 1978இல் மால்கம் ஆதிசேஷையா தலைமையில் இன்னொரு குழு. அதுவும் மேல்நிலைப் படிப்பைத் தொழில்சார்ந்ததாக மாற்றச் சொன்னது. அந்த ஆண்டில்தான் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது, வொகேஷனலும் கூடவே வந்தது. கோத்தாரி சொன்ன 1986 பிறந்தது. பாதிப் பேர் எங்கே என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே. புதிய கல்விக் கொள்கை ஒன்றைப் போட்டார்கள். 1990க்குள் பத்து சதவீதம், 1995க்குள் இருபத்தைந்து சதவீதம். 1990 வந்தது, போனது. 1992இல் கொள்கையைத் திருத்தினார்கள்: 1995க்குள் பத்து, 2000க்குள் இருபத்தைந்து. இலக்கை அடைய முடியாவிட்டால் என்ன, ஆண்டை மாற்ற முடியாதா? 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை மறுபடியும் பாதிக்கே தாவிவிட்டது: 2025க்குள் ஐம்பது சதவீத மாணவர்களுக்குத் தொழிற்கல்வியோடு பரிச்சயம் இருக்க வேண்டுமாம். கற்றுத்தேற வேண்டாம், பரிச்சயம் போதும். லேத்தை ஜன்னல் வழியாகப் பார்த்த பையனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அதே ஆவணம் முறையான தொழிற்கல்வி பெற்ற உழைப்பாளர்கள் தென் கொரியாவில் 96 சதவீதம், ஜெர்மனியில் 75 சதவீதம், இந்தியாவில் ஐந்துக்கும் கீழே என்று கணக்குக் காட்டி அங்கலாய்க்கிறது. ஜெர்மனியில் பயிற்சிக்குப் போகிற பிள்ளையிடம் கம்பெனி ஒப்பந்தம் போடுகிறது, முதல் மாதத்திலிருந்து சம்பளம் கொடுக்கிறது, வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளிக்கும் அனுப்புகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நம்மவர்கள் புரட்ட மறந்துவிடுகிறார்கள்.

எந்தெந்தத் தொழிலைச் சொல்லித்தரலாம் என்று யோசிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். போபாலில் என்.சி.இ.ஆர்.டி.யின் தொழிற்கல்வி நிறுவனம் ஒன்று 1993 முதல் இயங்குகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு அது போட்ட புத்தகங்களில் ஒன்று ஆயுதம் ஏந்தாத செக்யூரிட்டி வேலைக்கு. இன்னொன்று கத்தரி, தக்காளிக் குடும்பப் பயிர்களைச் சாகுபடி செய்ய. மற்றொன்று கடையில் ஸ்டோர் உதவியாளராக. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அரசாங்கம் தன் செலவில் நிர்ணயித்துக் கொடுத்திருக்கும் உயரம், அபார்ட்மென்ட் கேட்டில் போடப்பட்ட அந்த பிளாஸ்டிக் நாற்காலி. கத்தரிக்காய் போட்டு விலை கிடைக்காமல் ரோட்டில் கொட்டிவிட்டு வந்த விவசாயியின் மகனுக்குக் கத்தரிக்காய் போடச் சொல்லித்தருகிறார்கள். அவன் அப்பனுக்குத் தெரியாதது சாகுபடி அல்ல, விலை. அதற்குப் பாடப்புத்தகம் வரவில்லை.

படித்து முடித்தபின் என்ன கிடைக்கிறது? பிளஸ் டூவில் செவிலியம் எடுத்துப் படித்த பெண் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. நர்சிங் டிப்ளமோவின் முதலாம் ஆண்டில் மறுபடியும் அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு வசதியில்லாதவள் ஏதாவது சின்ன கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, நர்ஸ் வேலையைப் பார்த்துவிட்டு ஆயா சம்பளம் வாங்குவாள். இயந்திரவியல் படித்தவனுக்கு அப்ரண்டிஸ் பயிற்சி உண்டு. 2019இல் திருத்திய விதிகள் அவனுக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். வெறும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஸ்பேனரைக் கண்ணாலும் பார்க்காமல் வருகிறவனுக்கு? அதே 7,000. இரண்டு ஆண்டு தொழில் படித்ததற்கு நம் அரசாங்கம் தன் கைப்பட எழுதிவைத்த மதிப்பு பூஜ்யம்.

1953இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் செய்யும் தொழில். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. அடுத்த ஆண்டே அவர் பதவியை விட்டுப் போனார். பின்னால் வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் குப்பையில் போட்டார். 2023இல் ஒன்றிய அரசு கைவினைத் தொழிலாளர்களுக்கென்று கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்திலும் அதே வாடை அடிக்கிறது என்று தமிழக அரசு ஏற்க மறுத்தது. சரியான முடிவு, கைதட்டுவோம். தட்டிய கையோடு, சொந்தப் பள்ளிகளின் வொகேஷனல் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்களா? கொத்தனார் மகன், துப்புரவுப் பணியாளர் மகள், காலனித் தெருவிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளை. அன்று அப்பன் என்ன தொழில் என்று கேட்டார்கள், இன்று மார்க் என்ன என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே தெருவிலிருந்துதான் வருகிறது. ராஜாஜி வெளிப்படையாகச் சொன்னார், பதவி போயிற்று. இவர்கள் சொல்லாமலே செய்கிறார்கள், பதவி நிலைக்கிறது.

காசில்லை என்ற பல்லவி வேண்டாம். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்தது தமிழக அரசுதான். ரோபோ வந்தது, சி.என்.சி. மெஷின் வந்தது. நல்ல காரியம். கம்பெனிகளுக்கு ஆள் வேண்டும் என்றதும் ஆயிரம் கோடிகள் அசைகின்றன. பள்ளிப் பிள்ளைக்கு ஒரு லேத் பெல்ட் வேண்டும் என்றால் மட்டும் ஃபைல் அசைய மறுக்கிறது.

செய்ய வேண்டியதை அறிய இன்னொரு குழு தேவையில்லை. காலியிடங்களில் முழுச் சம்பளத்துக்கு ஆசிரியரைப் போடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு மூன்று ஃபேஸ் கொடுங்கள். மார்க்கைப் பார்த்து ஒதுக்காமல், விரும்பிக் கேட்கிற பிள்ளைக்கு இடம் கொடுங்கள், 470 வாங்கிய அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து. படித்த இரண்டு ஆண்டுக்கு அப்ரண்டிஸ் சம்பளத்திலும் நர்சிங் டிப்ளமோவிலும் மதிப்புக் கொடுங்கள். முடியாதென்றால் அந்தப் பிரிவை நேர்மையாக இழுத்து மூடிவிடுங்கள். அந்த இரண்டு ஆண்டைப் பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் கழித்தால் பையனுக்குத் தொழிலும் வரும், சனிக்கிழமை கூலியும் வரும். உழைப்பின் மகத்துவம் பற்றி அந்தப் பட்டறைக்காரர் ஒரு வார்த்தை பேசமாட்டார். லேத் மட்டும் ஓடும்.