டாஸ்க்பாருக்கு வலது கிளிக் வைத்தியம்

புது லேப்டாப் வாங்கியிருக்கிறீர்கள். அல்லது பழையதை விண்டோஸ் 11-க்கு ஏற்றியிருக்கிறீர்கள். திரையின் அடியில் நீளமாகக் கிடக்கும் டாஸ்க்பாரில் காலி இடமாகப் பார்த்து மவுஸின் வலது பட்டனை அழுத்துகிறீர்கள். முன்பெல்லாம் சரசரவென்று ஒரு பட்டியல் மேலெழும். இப்போது ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு வரி. பதற வேண்டாம். கீழ்க்கண்ட முறைப்படி, வரிசை தவறாமல் பதறவும்.

தேவையானவை: மவுஸ் ஒன்று. ஞாயிறு மதியம் ஒன்று, முழுதாக. கம்ப்யூட்டர் படிக்கும் அக்கா பையன் ஒருவன். ரத்த அழுத்த மாத்திரை, தேவைக்கேற்ப.

1. மவுஸைச் சந்தேகிக்கவும்

மவுஸைத் தூக்கி மேஜையில் இரண்டு தட்டுத் தட்டவும். அடிப்பக்கம் ஊதவும். உள்ளே உருண்டை இருந்த காலத்தில் இதற்குக் கொஞ்சம் பயன் இருந்தது. இன்றைய மவுஸில் இருப்பது வெறும் விளக்குதான். ஆனாலும் ஊதினால் ஒரு நிம்மதி. பிறகு டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் வலது கிளிக் செய்யவும். அங்கே பட்டியல் வந்தால் மவுஸ் நிரபராதி. அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமில்லை. வேறு ஆளைத் தேடவும்.

2. அணைத்து எழுப்பவும்

'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' என்பது கம்ப்யூட்டர் உலகின் கஷாயம். குணமாகாவிட்டாலும் கெடுதல் இல்லை. ஒன்று மட்டும் கவனிக்கவும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கினால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதி தன் நிலையை டிஸ்கில் சேமித்துவைத்து, மறுநாள் அங்கிருந்தே தொடரும். அதாவது தூங்கியதுபோல் பாசாங்கு செய்யும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்.

டாஸ்க்பார் மட்டும் மக்கர் செய்தால் முழுக் கம்ப்யூட்டரையும் எழுப்ப வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற வரியைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். டாஸ்க்பார் சில விநாடி மறைந்து திரும்பும். அந்தச் சில விநாடிகளில் வீட்டில் யாரும் திரையைப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளவும். "டாஸ்க் மேனேஜர் வரியே காணோமே, அதை எப்படித் திறப்பது?" என்று கேட்பீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தவும். இந்த வழி தெரிந்தபின் அந்த வரியைத் தேட வேண்டிய தேவையே இல்லை என்பதை இப்போதைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். இன்னும் ஆறு படிகள் பாக்கி இருக்கின்றன.

3. அக்கா பையனுக்கு ஃபோன் போடவும்

உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்:

"மாமா, எங்க ரைட் கிளிக் பண்றீங்க?"

"டாஸ்க்பார்லதான்டா."

"காலி இடத்துலயா, ஐகான் மேலயா, ஸ்டார்ட் பட்டன் மேலயா?"

"எல்லாம் ஒரே பட்டைலதானே இருக்கு?"

இங்கே ஃபோனை வைத்துவிடக் கூடாது. பையன் கேட்டது நியாயம். ஒரே பட்டைதான், மூன்று இடம், மூன்று வேறு பட்டியல். ஸ்டார்ட் பட்டன்மேல் வலது கிளிக் செய்தால் வருவது நிர்வாகப் பட்டியல். டாஸ்க் மேனேஜர், டிவைஸ் மேனேஜர், ரன், ஷட் டவுன் எல்லாம் அங்கே குடித்தனம் நடத்துகின்றன. விண்டோஸ் விசையும் எக்ஸும் சேர்ந்தாலும் அதுவே வரும். ஐகான்மேல் செய்தால் வருவது 'ஜம்ப் லிஸ்ட்'. 2009-ல் விண்டோஸ் 7-உடன் வந்தது. அந்தச் செயலியில் அண்மையில் திறந்த ஃபைல்களைக் காட்டும்.

ஜம்ப் லிஸ்ட்டில் ஃபைல்கள் காணாமல்போயிருந்தால் செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதற்குள் ஸ்டார்ட் என்று போகவும். அண்மை ஃபைல்களைக் காட்டும் சுவிட்ச் அணைந்திருக்கும். அணைத்தது யார் என்று வீட்டில் விசாரணைக் கமிஷன் அமைக்க வேண்டாம். என்ன பார்த்தோம் என்பது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாதென்று, ஒரு நாள் இரவு நீங்களே அணைத்திருக்க வாய்ப்பு உண்டு.

4. கம்ப்யூட்டரையே சாட்சிக் கூண்டில் ஏற்றவும்

'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்ற கருப்புத் திரையைத் திறந்து, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு 'எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ்' கட்டளையைக் கொடுக்கவும். சிஸ்டம் ஃபைல்கள் ஒவ்வொன்றையும் சரிபார்த்து, சிதைந்தவற்றுக்கு நல்ல பிரதியை வைக்கும் கட்டளை இது. சதவீதம் மெல்ல ஏறும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கு உங்கள்மேல் மரியாதையும் ஏறும். முடிவில், எந்தக் குறையும் இல்லை என்று சத்தியம் செய்யும். அது பொய்ச் சாட்சி அல்ல. இந்த வாக்குமூலத்தை மறக்காதீர்கள். ஆறாம் படியில் தேவைப்படும்.

5. ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் சிஸ்டம் அட்மினைச் சந்தேகிக்கவும்

வலது கிளிக் செய்தால் ஒரு வரிகூட வரவில்லையா? அது வேறு நோய். டாஸ்க்பாரின் வலது கிளிக்கையே தடைசெய்யும் 'குரூப் பாலிசி' ஒன்று உண்டு. ரெஜிஸ்ட்ரியில் அதற்கு 'நோட்ரேகான்டெக்ஸ்ட்மெனு' என்று மூச்சுவிட இடமில்லாத பெயர். அதன் மதிப்பு 1 என்றிருந்தால் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இதைச் சரிசெய்ய 'குரூப் பாலிசி எடிட்டரைத் திறக்கவும்' என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு நகரவும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் அந்த எடிட்டரே கிடையாது. ஆபீஸில் என்றால் ரெஜிஸ்ட்ரியைத் தொடாமல் அட்மினைப் போய்ப் பார்க்கவும். காபியோடு போனால் நலம்.

6. உண்மையை உட்கார்ந்துகொண்டு கேட்கவும்

இதுவரை செய்த எதுவும் பலிக்காததற்குக் காரணம், உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது மைக்ரோசாஃப்ட் டாஸ்க்பாரைப் புதிதாகக் கட்டியது. பழைய பட்டியலில் 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' என்ற ஒற்றை வரியை மட்டும் விட்டுவைத்தது. கேஸ்கேட் போனது, விண்டோக்களை அருகருகே அடுக்குவது போனது, ஷோ டெஸ்க்டாப் போனது, டாஸ்க் மேனேஜரும் போனது. டாஸ்க்பாரைப் பூட்டும் வரியும் போனது. அதில் மட்டும் நியாயம் உண்டு. மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தும் வசதியையே எடுத்துவிட்டார்கள், நகராததற்குப் பூட்டு எதற்கு?

ஹோட்டல்காரர் ரவா தோசையை நிறுத்திவிட்டார். நாமோ சர்வருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து உரக்க ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தோம். எஸ்.எஃப்.சி. சொன்னதும் இதுதான்: எல்லாம் எப்படி இருக்க வேண்டுமென்று முடிவு செய்தார்களோ, அப்படியே இருக்கிறது.

7. மாற்று வழிகளை மனப்பாடம் செய்யவும்

டெஸ்க்டாப் தெரிய விண்டோஸ் விசையும் டி-யும். விண்டோக்களை அருகருகே வைக்க விண்டோஸ் விசையும் இடது, வலது அம்புக்குறிகளும். கட்டம் கட்டி வைக்க விண்டோஸ் விசையும் இஸட்டும். ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் ஐகான்மேல் ஷிஃப்டைப் பிடித்தபடி வலது கிளிக் செய்தால் பழங்காலத்து விண்டோ மெனு எட்டிப்பார்க்கும். உறைந்துபோன செயலியை வலது கிளிக்கிலேயே முடிக்க விரும்பினால், செட்டிங்ஸின் சிஸ்டம் பகுதியில் 'ஃபார் டெவலப்பர்ஸ்' (புதிய பதிப்புகளில் 'அட்வான்ஸ்ட்') பக்கத்துக்குப் போய் 'எண்ட் டாஸ்க்' சுவிட்ச்சைப் போடவும். 2023-ல் வந்த வசதி இது. டெவலப்பர் இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.

பழைய டாஸ்க்பாரைத் திரும்பக் கொண்டுவரும் வெளியார் மென்பொருள்களும் உண்டு. பெரிய அப்டேட் வரும் நாளில் அவற்றில் சில படுத்துவிடும். அன்றைக்கு முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கவும். விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடலாம் என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

8. மனு எழுதவும்

இத்தனை படிகளில் உண்மையில் பலன் தந்தது இது ஒன்றுதான். பயனர்கள் புலம்பியதைக் கேட்டுத்தான், ஒரு வருடம் கழித்து 2022 இறுதியில், டாஸ்க் மேனேஜர் அந்தப் பட்டியலுக்குத் திரும்பியது. இரண்டாவது வரி வந்த கதை அதுவே. ரிப்பேர் செய்தவர் யாரும் அதை மீட்கவில்லை; கேட்டவர்கள் மீட்டார்கள். ஆகவே விண்டோஸ் விசையையும் எஃப்-ஐயும் அழுத்தி, 'ஃபீட்பேக் ஹப்'பைத் திறந்து, வேண்டியதைச் சுருக்கமாக எழுதவும். திட்ட வேண்டாம், திட்டு எந்தப் பிரிவில் சேரும் என்று அங்கே ஒரு பெட்டி தேடவேண்டி வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆவேசத்தில் கேஸ்கேட் வேண்டும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கொடுத்துவிட்டால், அது எதற்கென்று கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.