முதற்படியில் நிற்பவர்

கொரட்டூர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் காணக்கிடைக்கும் மனித வகைகளுள், பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு அடுத்து எதைப் படிப்பது என்று ஆராய்ந்துகொண்டே இருக்கும் செவிலியரைத் தனி இனமாகவே கொள்ள வேண்டும். நோயாளிக்கு மூச்சுத் திணறினால், மருத்துவர் வந்து சேர்வதற்குள் ஆக்சிஜன் வைத்து, ட்ரிப்ஸ் ஏற்றி, கேஸ் ஷீட்டையும் எழுதி முடித்துவிடும் இவர், தம் மேற்படிப்பு என்று வந்துவிட்டால் மட்டும் ஆண்டுக்கணக்கில் நாடி பிடித்துக்கொண்டிருப்பார்.

இதற்கு அவர் கற்ற கல்வியே காரணம். எந்த நோயாளியையும் நிலையறிதல், சிக்கலை இனங்காணல், திட்டமிடல், செயல்படுத்தல், பலனை மதிப்பிடல் என்னும் ஐந்து படிகளில் அணுகும் முறைக்கு நர்சிங் ப்ராசஸ் என்று பெயர். நான்கு ஆண்டுகள் அதனை நோட்டு நோட்டாக எழுதியவர், தம் வாழ்வுக்கும் அதையே பொருத்துகிறார், முதற்படியைத்தான் தாண்டுவதில்லை.

அறிய வேண்டியவையும் கொஞ்சமல்ல. இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. நர்சிங்கில் மருத்துவ-அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமூக நலம் எனப் பிரிவுகள் உண்டு. முடித்தவர் பெரும்பாலும் நர்சிங் கல்லூரி ஆசிரியராகிறார். பாடம் நடத்த விருப்பமில்லாதவர்க்கென, தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே பெரும்பொழுதைக் கழித்துப் பயிலும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. மருத்துவமனை நிர்வாகம் படித்தால் படுக்கைகளை எண்ணலாம். பொதுச் சுகாதாரம் படித்தால் ஊரையே எண்ணலாம். இவற்றையெல்லாம் நைட் டூட்டி முடிந்து மூர்மார்க்கெட்டில் ஏறிய மின்சார ரயிலில் ஒப்பிட்டுக்கொண்டே வருபவர், வில்லிவாக்கத்தில் கண்ணயர்ந்து பட்டரவாக்கத்தில் விழிப்பதும் உண்டு.

எஞ்சிய குழப்பத்தைத் தெரு வழங்குகிறது. இலவசமாக பி.பி. பார்த்துக்கொள்ள வரும் அண்டைவீட்டார், கட்டணத்துக்கு ஈடாக அறிவுரை தருவதே இங்கு மரபாகையால், காதில் ஸ்டெதாஸ்கோப் இருக்கும் வரைதான் இவருக்குப் பாதுகாப்பு. அதைக் கழற்றியதும், ஜெர்மன் மொழியில் பி2 நிலை எட்டினால் அங்கேயே போய்விடலாம் என்பார் ஒருவர்; அமெரிக்காவின் என்கிளெக்ஸ் தேர்வே மேல் என்பார் இன்னொருவர். "எம்.எஸ்சி. முடிச்சா டாக்டர் ஆயிடுவியாம்மா?" என்று எதிர்வீட்டு மாமா ஆறாவது முறையாகக் கேட்கும்போது, கேட்பவரின் அழுத்தம் சீராகவும் பார்ப்பவரின் அழுத்தம் சற்றே ஏறியும் இருக்கும்.

இவரை மட்டும் பழிப்பது முறையன்று. டெல்லியிலும் வேலூரிலும் 1946இல் நர்சிங் இளநிலைப் பட்டத்தைத் தொடங்கிய நாடு, டெல்லியில் முதல் முதுநிலைப் பட்டத்தை 1959இல்தான் தொடங்கியது; யோசிக்க நாட்டுக்கே 13 ஆண்டுகள் பிடித்தன.

எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர ஓராண்டுப் பணி அனுபவம் தேவை என்பது விதி. அந்த ஓராண்டுக்காக வார்டில் சேர்ந்தவர் இப்போது நான்காம் ஆண்டில் இருக்கிறார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இன்றுதான் என்று அவர் கண்டறியும் மாலையில், தவறாமல் அவருக்கு நைட் டூட்டி விழுந்திருக்கும்.