தலைகளை எண்ணாதீர்கள், வயதைப் பாருங்கள்!

கே: குய் மொழியைச் சில லட்சம் பேர் பேசுகிறார்களாமே, பிறகு எதற்கு 'அழிகிறது' என்று பதற்றம்?
(கல்லூரி மாணவர், பண்டார் தெங்காரா)

பேசுகிறவர்களின் வயதைப் பாருங்கள். தாய்லாந்தின் சூரின், சிசாகேட் பகுதிகளிலும், வடகம்போடியாவிலும், தென் லாவோஸிலும் பாட்டி குய்யில் கேட்கிறார். பேத்தி அந்தந்த நாட்டு மொழியில் பதில் சொல்கிறாள். லட்சம் பேர் இருந்தாலும் பேத்தி பேசாத மொழிக்கு ஆயுள் இரண்டு தலைமுறைதான்.

கே: நமக்கும் குய் மொழிக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா?
(இல்லத்தரசி, கூலாய்)

தமிழுக்கு இல்லை, நம் அக்கம்பக்கத்துக்கு உண்டு. மலேசியப் பூர்வகுடி மொழிகளான செமாய், தெமியார், இந்தியாவில் பேசப்படும் நிக்கோபாரியம், காசி, சந்தாலி எல்லாமே குய்யோடு சேர்ந்த ஆஸ்ட்ரோ-ஆசியக் குடும்பம்.

கே: ஜோகூரில் இப்படித் தவிக்கும் மொழி எது?
(லாரி ஓட்டுநர், பண்டார் தெங்காரா)

கோத்தா திங்கி வட்டாரத்து ஓராங் கானாக் மக்களின் பேச்சு. தீபகற்ப மலேசியாவின் 18 பூர்வகுடி (ஓராங் அஸ்லி) பிரிவுகளில் மிகச் சிறியது இவர்களுடையது. மலாய்க்கு நெருங்கிய உறவு என்பதால், கரைவது வெளியே தெரியாமலே கரைகிறது.

கே: ஒரு மொழி போனால் அப்படி என்ன போய்விடும்?
(தோட்டத் தொழிலாளி, கோத்தா திங்கி)

காட்டைப் பற்றிய அறிவு போகும். ஜோகூர் காட்டில் கற்பூரம் தேடிப் போன ஜக்கூன் பூர்வகுடி மக்கள் அதற்கென்றே தனிப் பேச்சு வைத்திருந்தார்கள். வழக்கமான பேச்சைப் பேசினால் மரத்தில் கற்பூரம் கிடைக்காது என்பது நம்பிக்கை. குய் யானைப் பிடிகாரர்களும் வேட்டையின்போது தனி மொழிதான் பேசினார்கள். வேட்டை நின்றதும் அந்தப் பேச்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கே: பள்ளியில் கற்பித்தால் தீராதா?
(ஆசிரியை, பண்டார் தெங்காரா)

பாதி தீரும். தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், வசதியைப் பொறுத்துப் பூர்வகுடி மொழியைக் கற்பிக்க 1996 கல்விச் சட்டம் வழி விடுகிறது. செமாய் அப்படித்தான் சில பள்ளிகளுக்குள் நுழைந்தது. ஓராங் கானாக் போன்ற சிறு குடிக்கு 15 என்பதே மலை. அவர்களுக்காக அந்த எண்ணைத் தளர்த்த வேண்டும்.

கே: தமிழுக்கு இந்த நிலை வராதல்லவா?
(ஓய்வுபெற்ற எழுத்தர், ஜோகூர் பாரு)

தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும், விரதமும் பொங்கலும் இன்றும் இருக்கின்றன. வீட்டுப் பேச்சு மட்டும் மலாயாகிவிட்டது. கோயில் மொழியைத் தாங்காது, சமையலறைதான் தாங்கும்.

கே: சாதாரண ஆள் நான் என்ன செய்ய முடியும்?
(கடைக்காரர், பண்டார் தெங்காரா)

உங்கள் கடைக்கு ஓராங் அஸ்லி பிள்ளை வந்தால், "உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று மரியாதையோடு கேளுங்கள். தன் மொழிக்காக வெட்கப்படும் பிள்ளைதான் அதை முதலில் கைவிடும். அந்த வெட்கத்தைப் போக்க அரசாணை வேண்டாம், உங்கள் ஒரு கேள்வி போதும்.