தோற்றால்தான் குற்றம்

டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் ஊருக்கு மருத்துவமனை இல்லாமல் இருக்கலாம். பிரசவ வலி எடுத்தால் அறுபது மைல் காரோட்டிப் போய்ப் பெற்றுக்கொள்ளலாம். இருந்த ஒரே மளிகைக் கடையும் மூடிப்போகலாம். உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் அணியின் ஹெட் கோச் நாற்காலி காலியானால் மட்டும் ஊருக்குச் சோறு இறங்காது. முடிதிருத்தும் கடையிலும் தேவாலய வாசலிலும் பெட்ரோல் பங்க்கிலும் அதே பேச்சுதான். பாட்டிமார்கள்கூடக் காபியை ஆறவிட்டுவிட்டு யார் வரப்போகிறார் என்று ஆரூடம் சொல்வார்கள்.

ஃபுட்பால் என்றதும் நம் கால்பந்தை நினைக்க வேண்டாம். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க விளையாட்டு. காலுக்கு வேலை ஓடுவது, தலைக்கு வேலை இடிபடுவது. வெள்ளிக்கிழமை இரவுகளில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் இடித்துக்கொள்ள, ஊரே விளக்கடியில் உட்கார்ந்து பார்க்கும். டாலஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் இதற்காக 18,000 பேர் அமரும் மைதானத்தைப் பள்ளிக்கே கட்டினார்கள். செலவு 6 கோடி டாலர். 2012இல் திறந்தார்கள், 2014இல் கான்கிரீட் விரிசல் கண்டு மூடினார்கள், ஒட்டுப்போட்டு மறு ஆண்டு திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு முந்தைய ஆண்டுதான் மாநிலச் சட்டமன்றம் பள்ளிக்கல்வி நிதியில் சுமார் 540 கோடி டாலரை வெட்டியிருந்தது. கேட்டால், கட்டடப் பணம் வேறு பை, வாத்தியார் சம்பளம் வேறு பை என்பார்கள். இருக்கட்டும். இரண்டு பையும் ஒரே சட்டையில்தான் தைத்திருக்கிறது; சட்டை வரி கட்டுகிறவனுடையது.

அந்தச் சட்டைக்காரர்களில் நானும் ஒருவன் என்பதால், எங்கள் பள்ளி வட்டாரத்தில் ஹெட் கோச் நியமனம் நடந்த அன்று வாரியக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். கூட்டத்தின் பொருள் நிரலை 72 மணி நேரம் முன்பே கதவில் ஒட்ட வேண்டும் என்பது அப்போதைய சட்டம், ஒட்டியிருந்தார்கள். முதலில் விவாதமில்லாமல் நிறைவேற்றும் கட்டு ஒன்று வந்தது. 14 ஆசிரியர்கள் நியமனம், கழிப்பறைத் தாள் ஒப்பந்தம், கேன்டீனுக்கு ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் எல்லாம் அதில் அடக்கம். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், கை தூக்கினார்கள், முடிந்தது. முக்கால் நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். யார் அந்த 14 பேர் என்று யாரும் வாசிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் எந்தக் கம்பெனி என்று மட்டும் ஒருவர் கேட்டார்.

பிறகு பொதுமக்கள் பேசும் நேரம். தலைக்கு மூன்று நிமிடம். அல்ஜீப்ரா வகுப்புக்கு ஜனவரியிலிருந்து நிரந்தர ஆசிரியர் இல்லை, நாளொரு ஆள் வந்து வருகைப் பதிவு எடுத்துவிட்டுப் போகிறார், இது எப்போது தீரும் என்று எழுந்து கேட்டேன். பொருள் நிரலில் இல்லாததை விவாதிக்கச் சட்டம் இடம் தராது என்றார் தலைவர். மணி அடித்தது. அடுத்தவர்.

அடுத்தது கோச். அதற்கு வாரியம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனது. பணியாளர் விவகாரத்தை மூடிய அறையில் பேசவும் சட்டம் இடம் தருகிறது. இடம் தரும் விஷயத்தில் அந்தச் சட்டத்துக்கு ஆள் தெரியும். இரண்டு மணி நேரம் ஆயிற்று. தாழ்வாரம் முழுக்கப் பள்ளி நிறத்தில் டீ-ஷர்ட் போட்ட, அணிக்குப் பணம் திரட்டும் பூஸ்டர் கிளப் பெற்றோர்கள், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்களைப்போல நகம் கடித்து நின்றார்கள். கதவு திறந்தது, ஏழு கைகள் உயர்ந்தன, ஒரே கைதட்டல். புது கோச் மேடையேறி மனைவியை அறிமுகப்படுத்தினார், மூன்று குழந்தைகளை அறிமுகப்படுத்தினார், வீட்டில் விட்டுவந்த நாயின் பெயர் பிளிட்ஸ் என்று சொன்னார். அதற்கும் தட்டினார்கள்.

மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் என்னதான் விசாரித்திருப்பார்கள்? இதற்கு எங்கள் ஊரைவிட நல்ல பதில் டாலஸுக்குக் கிழக்கே சுமார் 160 கிலோமீட்டரில் இருக்கிறது. மவுன்ட் வெர்னன். மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் பழைய நட்சத்திரம் டான் மெரடித் பிறந்த மண். 2019 மே 24, வெள்ளிக்கிழமை. திங்களன்று போர்வீரர் நினைவு விடுமுறை. நாடே மூன்று நாள் லீவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. நல்ல செய்தியைத் திங்களன்று சொல்வார்கள், மெல்ல முடியாததை நீண்ட லீவுக்கு முந்தைய மாலையில் சொல்வார்கள். அன்றைக்கு வந்த செய்தி: மவுன்ட் வெர்னன் பள்ளியின் புதிய ஹெட் கோச், ஆர்ட் பிரைல்ஸ்.

யார் இவர்? ஸ்டீஃபன்வில் பள்ளிக்கு நான்கு முறை மாநிலக் கோப்பை வாங்கித் தந்தவர். பேய்லர் பல்கலைக்கழகத்தின் நோஞ்சான் அணியைத் தூக்கி நிறுத்தியவர். அந்தப் பல்கலைக்கழகம் 2016 மே மாதத்தில் அவரை வெளியே அனுப்பியது. மாணவிகள் கொடுத்த பாலியல் வன்முறைப் புகார்களைப் பல்கலைக்கழகமும் ஃபுட்பால் துறையும் கையாண்ட லட்சணத்தை ஒரு சட்ட நிறுவனம் விசாரித்துச் சொன்ன பிறகு நடந்தது அது. 2011 முதல் 19 வீரர்கள்மீது 17 பெண்கள் பாலியல் அல்லது குடும்ப வன்முறைப் புகார் சொல்லியிருந்தார்கள். இது எதிரிகள் போட்ட கணக்கல்ல, பேய்லர் நிர்வாகக் குழுவினரே பத்திரிகைக்குக் கொடுத்தது. ஒரு வீரருக்கு 2014இல் 20 ஆண்டு சிறை கிடைத்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவியும் பறிபோனது. அந்தத் தலைவர் கென் ஸ்டார். அதிபர் கிளிண்டனின் படுக்கையறை விவகாரத்தைத் துருவித் துருவி அறிக்கை எழுதினாரே, அவரேதான்.

அதன்பின் பிரைல்ஸ் வேலை தேடிய கதை, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. 2017இல் கனடாவின் ஹாமில்டன் டைகர்-கேட்ஸ் அவரை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. எழுந்த கூச்சலில் அன்றைய பொழுது சாய்வதற்குள் இல்லை என்று சொல்லிவிட்டது. பணத்துக்காகவே ஆடும் தொழில்முறைக் கிளப்புக்கு ஒரு பகல் தாங்கவில்லை. 2019 பிப்ரவரியில் சதர்ன் மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்தின் கோச் அவரைக் கேட்டார், பல்கலைக்கழகம் மறுத்தது. இடையில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரக் கிளப் ஒன்றுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்தார். வளர்ந்த ஆண்கள் ஆடும் அணிகள் வேண்டாம் என்று தள்ளிய மனிதரை, பதினைந்து வயதுப் பையன்களையும் அவர்களோடு அதே வகுப்பில் உட்காரும் பெண்பிள்ளைகளையும் வைத்திருக்கும் பள்ளி, வா ராஜா என்று அழைத்துக்கொண்டது. தீர விசாரித்தோம், மனம்விட்டுப் பேசினோம், அவரது அனுபவம் நம் மாணவர்களுக்குப் பயன்படும் என்ற பொருளில் ஓர் அறிக்கையும் வந்தது.

தீர விசாரித்தது உண்மையாகவே இருக்கலாம். நம் பக்கத்தில் வரன் விசாரிப்பதில்லையா? பையன் தங்கம், வெங்காயம் மட்டும் சாப்பிடுவான். எப்போது? குடிக்கும்போது மட்டும். எப்போது குடிப்பான்? சீட்டில் தோற்கும்போது மட்டும். கேட்கக் கேட்கப் பதில் வரும், முகூர்த்தம் மட்டும் தள்ளிப்போகாது. ஏனென்றால் பையன் வேலை பார்க்கும் கம்பெனி அப்படி.

பிரைல்ஸுக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர்மீது கிரிமினல் வழக்கு எதுவும் வரவில்லை. எதையும் மூடி மறைக்கவில்லை என்பதே அவர் வாதம். 2023இல் ஒரு சிவில் வழக்கிலிருந்து நீதிபதி அவரை விடுவித்தார். சரி. டெக்சாஸில் ஒரு கணக்கு வாத்தியார் வேலைக்கு வந்தால் பத்து விரல் ரேகையையும் வாங்கிக்கொண்டு குற்றப்பதிவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வாத்தியாருக்கு அது வாசல்படி. கோச்சுக்கு அதுவே கோபுரம். சிறைக்குப் போகவில்லையா, போதும், உள்ளே வா.

இரண்டாம் வாய்ப்பு என்பார்கள். மன்னிக்கும் மதம் எங்களுடையது என்பார்கள். மன்னிப்பு நல்ல சரக்குதான், ஆனால் அதை யாருக்கு அளந்து போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மேற்கு டெக்சாஸின் ஒடேசா நகரில் பெர்மியன் உயர்நிலைப் பள்ளிக்கு கேரி கெய்ன்ஸ் ஹெட் கோச்சாக இருந்தார். 1988இல் அவர் அணி மிட்லண்ட் லீ பள்ளியிடம் 22–21 என்று தோற்றது. ஒரே ஒரு புள்ளி. வீட்டுக்குப் போனால் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகைகள். அவர் ஊன்றியவை அல்ல, ஊர் ஊன்றியவை. அந்தப் பருவம் முழுக்க ஒடேசாவில் தங்கிய எச். ஜி. பிஸ்ஸிங்கர் இதையெல்லாம் 1990இல் 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' என்ற புத்தகமாக்கினார். ஆங்கிலத் துறையின் கற்பித்தல் பொருட்களைவிட வீரர்களின் மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் அந்தப் பள்ளி அதிகம் செலவழித்த கணக்கும் அதில் இருக்கிறது. கெய்ன்ஸ் யாரையும் அடித்ததாகவோ எதையும் மறைத்ததாகவோ புகார் இல்லை. அவர் செய்த பாவம் அந்த ஒரு புள்ளி. அடுத்த ஆண்டு மாநிலக் கோப்பையை வென்றார், பாவம் கழுவப்பட்டது. ஸ்கோர்போர்டுதான் இவர்களுக்குக் கங்கை.

அதே 1988இல் அரையிறுதியில் பெர்மியனை வீழ்த்தியது டாலஸின் கார்ட்டர் பள்ளி. அந்த அணியில் ஒரு பையனின் அல்ஜீப்ரா மதிப்பெண் பற்றித் தகராறு. பாடத்தில் தேறாதவன் ஆடக்கூடாது என்று மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. மதிப்பெண் வழக்காயிற்று, நீதிமன்றம் வரை போயிற்று, கார்ட்டர் ஆடியது, கோப்பையும் வென்றது, பிற்பாடு அந்தக் கோப்பையை மாநிலம் பிடுங்கிக்கொண்டது. தேறவில்லை என்று போட்ட ஆசிரியர் என்ன ஆனார்? நடுநிலைப் பள்ளிக்கு மாற்றினார்கள். ஒரு மாணவனுக்கு எக்ஸ் மதிப்பு தெரியாது என்று கண்டுபிடித்த குற்றத்துக்கு.

சட்டம் எழுதியவர்களும் தப்பவில்லை. கோடீசுவரர் ராஸ் பெரோ தலைமையில் குழு போட்டு, 1984இல் அந்த விதியைக் கொண்டுவந்தவர் ஆளுநர் மார்க் ஒயிட். அதே சட்டத்தில் ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தினார், வகுப்பறையில் மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தார். 1986 தேர்தலில் தோற்றார். எண்ணெய் விலை வீழ்ச்சி உட்படக் காரணங்கள் பல உண்டு என்றாலும், கோச்சுகளின் கோபமும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதை அந்த மாநில அரசியல் தெரிந்த யாரும் சொல்வார்கள்.

இது டெக்சாஸின் தனிச் சொத்தும் இல்லை. ஓஹையோ மாநிலத்தின் ஸ்டூபன்வில். 2012 ஆகஸ்டில் ஒரு பதினாறு வயதுச் சிறுமிக்குப் பள்ளி ஃபுட்பால் வீரர்கள் இழைத்த கொடுமை, உடனிருந்தவர்கள் எடுத்த படங்களாலும் அடித்த நக்கல்களாலும் உலகுக்கே தெரிந்தது. 2013 மார்ச்சில் இரண்டு வீரர்கள் குற்றவாளிகள் என்று சிறார் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹெட் கோச்மீது வழக்கு இல்லை. ஆனாலும், தெரிந்ததை அவர் என்ன செய்தார் என்ற கேள்வி ஊரெங்கும் எழுந்து நின்றது. தீர்ப்பு மார்ச்சில். ஏப்ரலில் பள்ளி நிர்வாகம் அவருடைய ஒப்பந்தத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. தீர்ப்பின் மை காய எத்தனை நாள் ஆகும் என்றுகூடப் பார்க்கவில்லை. வெற்றிக் கணக்கு நல்ல கணக்காக இருக்கும்போது மற்ற கணக்குகளை யார் பார்க்கிறார்கள்?

அந்த மூடிய அறைகளில் என்ன விசாரிக்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். தற்காப்பில் எத்தனை பேர், மூன்றாவது முயற்சியில் பந்தை எறிவாரா ஓட வைப்பாரா, ப்ளே-ஆஃப் போவோமா. தலையில் இடி வாங்கிய பையனை யார் வெளியே உட்கார வைப்பது என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டு வந்து உங்கள் நட்சத்திர ஆட்டக்காரனைப் பற்றிச் சொன்னால் அன்றிரவே யாருக்கு போன் செய்வீர்கள் என்று நிச்சயம் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அனுப்பிவிட்டால் வெள்ளிக்கிழமை என்ன செய்வது?

மவுன்ட் வெர்னனில் பிரைல்ஸ் இரண்டு பருவம் இருந்தார். 2020 டிசம்பரில் விலகிக்கொண்டார். அவ்வளவு அவப்பெயரையும் தலையில் சுமந்து ஊர் வாங்கியது இரண்டு இலையுதிர்காலம். ஹெட் கோச் நாற்காலி மறுபடி காலி.

எங்கள் ஊரில் அந்த நிலைமை இல்லை. கோச் சௌக்கியம். அன்று முக்கால் நிமிடத்தில் நியமித்த 14 பேரில் ஒருவர் அல்ஜீப்ராவுக்காக வந்தவர் என்று பிறகு தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். வகுப்பில் மறுபடி நாளொரு ஆள். என் மகளிடம் அந்த ஆசிரியரின் பெயர் என்ன என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. கோச்சின் நாய் பெயர் என்ன என்றேன்.

"பிளிட்ஸ்," என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.